பக்கம் திருப்ப ஒரு கை வேண்டும்: தோட்டப்பாளையத்து அச்சகம் ஒன்றைப் பற்றி

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு சிறிய அச்சகம். வாசலில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், உள்ளே ஒரு பழைய ஆஃப்செட் இயந்திரம், ஒரு டிஜிட்டல் இயந்திரம், ஒரு கட்டிங் மெஷின், மூன்று பேர். ஒன்றரை ஆண்டில் அங்கே பதினான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று, இந்த நான்கும் சேர்ந்து வாசிக்க நான் எழுதிய முதல் இசை அந்தக் கடையின் மேசைமேல்தான் புத்தகமாக உருவெடுத்தது. இருக்கிற வேலைக்கே ஆள் போதவில்லை, பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரை விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் பாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சத்துவாச்சாரியில் வீட்டிலேயே வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். கர்நாடக சங்கீதம் ஓர் ஐயரிடம் கற்றது. மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன் தேவாலயப் பாடகர் குழுவில் கற்றது. இரண்டும் ஒரே கையில் இருப்பதால் இரண்டையும் சேர்த்து ஏதாவது எழுத வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

முதல் முறை அந்தக் கடைக்குப் போனது வெறுந்தாளுக்காக. இசை நோட்டு என்று கடைகளில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பியானோ வகுப்புக் குழந்தைகளுக்கானது. நான்கு வாத்தியத்துக்கு எழுத அது உதவாது. எனக்கு நான்கு வரிசை சேர்ந்து ஒரு கட்டாக வேண்டும். பக்கத்துக்கு மூன்று கட்டு, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. இதை ஸ்கேல் வைத்து வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். உரிமையாளருக்கு நாற்பது வயது இருக்கும். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான்கு பேரும் ஒரே நேரத்தில் வாசிப்பதைத்தானே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவீர்கள்? அப்படியென்றால் இடது ஓரத்தில் நான்கையும் கட்டி ஒரு கோடு இழுக்க வேண்டாமா?" என்று கேட்டார். சங்கீதம் படிக்காத மனிதர். அந்தக் கோட்டை நான் வரைய மறந்திருந்தேன்.

காகிதத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். ஜெராக்ஸ் காகிதத்தில் மூன்று முறை ரப்பர் வைத்தால் மேல்தோல் எழும்பிவிடும், 90 ஜி.எஸ்.எம். எடையுள்ள மாப்லித்தோ காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கோடுகளைக் கருப்பில் போடாமல் வெளிர் சாம்பலில் போட்டால் நீங்கள் எழுதியது மட்டும் கண்ணில் நிற்கும் என்பதும் அவர் யோசனைதான். 2பி பென்சிலால் எழுதினேன், அழித்தேன், எழுதினேன். ஒரே இடத்தை ஏழு முறை அழித்த பக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த இடம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் கிழியவில்லை.

ஆஃப்செட்டில் என் தாள்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். இந்த இயந்திரத்தின் பாட்டன் கல்லச்சு. 1796-ஐ ஒட்டி பவேரியாவில் அதைக் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டர் தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடியவர். அந்த முறையில் முதன்முதலாக அச்சான பொருள்களில் இசைத் தாள்களும் உண்டு. எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது என்ற அதே குணத்தை வைத்துத்தான் இன்றைக்கும் ஆஃப்செட் ஓடுகிறது. அவர் இயந்திரத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அப்படியென்றால் இது தன் சொந்த வேலையைத்தான் செய்கிறது" என்றார். அதன்பின் என்னிடம் அவர் பேசிய விதமே மாறியது. ஒவ்வொரு முறையும் இசை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்தத் தாள்களில் எழுதியது பாலாற்றைப் பற்றி. எங்கள் ஊரில் ஆறு என்றால் பெரும்பாலான நாட்கள் மணல்தான். மணலைத் தோண்டினால் ஊற்று வரும். தண்ணீர் கீழேதான் ஓடுகிறது. 2021 நவம்பரில் அந்த ஆறு கரையோடு கரையாக வந்தது. விருதம்பட்டுப் பாலத்தில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. செம்மண் நிறத்தில் தண்ணீர், அதன்மேல் வேரோடு ஒரு மரம். சத்தத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. காதில் கேட்பதற்கு முன் பாலத்தின் கைப்பிடிச் சுவர் வழியாக உள்ளங்கையில் கேட்டது. அந்த அதிர்வை எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. எழுத மூன்று ஆண்டுகள் பிடித்தன.

ராகம் ஹம்சத்வனி. தோடி ராகத்தை எடுத்திருந்தால், சுரங்களை அசைத்து வளைக்கும் கமகத்தை ஐந்து கோட்டுக்குள் எப்படி அடைப்பது என்று திணறியிருப்பேன். ஹம்சத்வனி நேர் சுரங்களிலும் தன் முகத்தை இழக்காது. அதை உருவாக்கியவர் ராமசுவாமி தீட்சிதர். அவருடைய மகன் பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி. வயலினுக்கு அந்த வீட்டோடு உறவு இருக்கிறது.

இந்த ராகத்தில் மத்திமமும் (ம) இல்லை, தைவதமும் (த) இல்லை. மேற்கத்திய முறையில், ஏழு சுர வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரங்களை அடுக்கி ஒலிக்க விட்டால் கிடைப்பவை மூன்றே அடுக்குகள்: ஸ-க-ப, க-ப-நி, ப-நி-ரி. இந்த மூன்றை வைத்துக்கொண்டு பதினான்கு நிமிடம் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் இதோடு போராடிய பிறகு, வழி ராகத்துக்குள் இல்லை, வாத்தியத்துக்குள் இருக்கிறது என்று கண்டுகொண்டேன். ஸட்ஜத்தை (ஸ) மேற்கத்திய டி சுரத்தில் வைத்தேன். அப்போது டி தந்தி ஸ, ஏ தந்தி ப, வயலினின் ஈ தந்தி ரி. எல்லாம் விரல் வைக்காமலே கணீரென்று ஒலிக்கும். ஆனால் ஜி தந்தியை வெறுமனே இழுத்தால் வருவது சுத்த மத்திமம். வியோலாவிலும் செல்லோவிலும் கடைசியாக இருக்கும் சி தந்தியை வெறுமனே இழுத்தால் கைசிகி நிஷாதம், ராகத்தில் வரும் நி-யைவிட அரைப் படி தாழ்ந்தது. இரண்டும் ராகத்தில் இல்லாத சுரங்கள். ஆழத்தில் இருக்கும் தந்திகள்தான் அந்நியமானவை.

முதல் பகுதி முழுவதும் செல்லோக்காரர் சி தந்தியில் விரல் வைத்து ஸ, ரி, க வாசிக்கலாம். விரலை எடுக்கக் கூடாது. அதுதான் மணல். இரண்டாம் பகுதியில், 61-ஆவது பாரில், அதாவது 61-ஆவது தாளக் கட்டத்தில், அவர் முதன்முறையாக விரலை எடுக்கிறார். நால்வரில் எவராலும் அதற்குக் கீழே போக முடியாது. அந்த ஒற்றைச் சுரம் அடியிலிருந்து எழும்பும்போது மற்ற மூவர் வாசிக்கும் ஹம்சத்வனி அப்படியே நிறம் மாறுகிறது. ஆறு வந்துவிட்டது.

பென்சில் பிரதியை மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் நானே ஏற்றினேன். அது வாசித்தும் காட்டும். ஆனால் கணினிக்கு வில் தீர்ந்துபோவதில்லை. ஒரே இழுப்பில் ஒன்பது பார் என்று நான் எழுதியிருந்ததை செல்லோ வாசிக்கும் தம்பி பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, வில்லுக்கு இரண்டு முனைதான் இருக்கிறது" என்றார். மூன்று இழுப்பாகப் பிரித்துக்கொடுத்தேன்.

இனி அச்சகத்தின் உண்மையான சோதனை. நான்கு பேர் வாசிக்கும் இசையில் நால்வரின் வரிகளும் சேர்ந்திருப்பது ஸ்கோர். வாசிப்பவர் முன்னால் அதை வைக்க முடியாது, பக்கத்துக்கு மூன்று வரியில் தாள் தீர்ந்துவிடும். அவரவர் வரி மட்டும் தனியாக இருக்கும் புத்தகம் வேண்டும், அதைப் பார்ட் என்போம். ஹைடன், மோட்சார்ட் காலத்தில் இவ்வகை இசை அச்சாகி விற்றது தனித்தனிப் பார்ட்டுகளாகத்தான். ஸ்கோராக அச்சிடும் வழக்கம் பின்னால் வந்தது. வாங்கியவர்கள் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்காக வாங்கினார்கள். எனக்கும் அதேதான் தேவை.

நான் ஏ4 என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் டிஜிட்டல் இயந்திரத்தில் ஓடும் தாளை எடுத்து மேசையில் போட்டு, 12-க்கு 18 அங்குலம் என்றார். நடுவில் மடித்தார். 9-க்கு 12 கிடைத்தது. வெளிநாட்டில் அச்சாகும் பார்ட்டுகளில் வழக்கமாக இருக்கும் அளவு அது! என்னிடம் இருந்த பழைய பார்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். ஓரத்தோடு ஓரம் பொருந்தியது. எங்கள் ஊர்ப் பத்திரிகைக் கடையில் தினமும் ஓடுகிற தாளுக்குள்ளேயே அந்த அளவு இருந்திருக்கிறது. ஏ4-இல் நெருக்கியடித்து இசை அச்சிடும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து கோடுகளின் மொத்த உயரத்தை 7 மில்லிமீட்டர் என்று வைத்தேன்; தாள் வைக்கும் ஸ்டாண்டிலிருந்து இரண்டரை அடி தள்ளி உட்கார்ந்தாலும் கண்ணாடி போட்ட நான் படிக்க முடிகிறது.

அடுத்து மின்விசிறி. கோடையில் வேலூரில் விசிறியை நிறுத்திவிட்டு இசை வாசிக்க முடியாது. வில்லைப் பிடிக்கிற கை வியர்வையில் வழுக்கும். விசிறி ஓடினால் தாள் பறக்கும். கடைக்காரர் கடையின் விசிறியைக் கடைசி வேகத்தில் வைத்து, என் ஸ்டாண்டை அதன் கீழே நிறுத்தச் சொல்லி, 70, 90, 100, 120 என்று ஒவ்வொரு காகிதமாக மடித்து வைத்துப் பார்த்தார். 120 நின்றது. பிறகு அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கிழித்துக் காட்டினார். ஒரு திசையில் நூல் பிடித்ததுபோல் நேராகக் கிழிந்தது. மறு திசையில் கோணல்மாணலாக ஓடியது. காகிதத்துக்கு இழை உண்டு, இழை ஓடும் திசையிலேயே மடிப்பு விழுந்தால்தான் புத்தகம் விரித்த இடத்தில் படிந்து கிடக்கும், இழைக்குக் குறுக்கே மடித்தால் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும் என்றார். முப்பது ஆண்டுகளாகப் புத்தகங்கள் ஏன் என் முகத்தில் மூடிக்கொள்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பக்கம் திருப்புவது. வயலின் வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். வலப்பக்கத்தின் கடைசி வரியில் ஓய்வு வந்தால்தான் திருப்ப முடியும். அதற்காகவே சில பக்கங்களைப் பாதியில் நிறுத்துவோம், சில பக்கங்களை வேண்டுமென்றே காலியாக விடுவோம்.

இங்கேதான் கடையில் ஒரு தவறு நடந்தது. இரண்டாம் வயலின் புத்தகத்தில் முதல் பகுதி 5-ஆம் பக்கத்தில் முடிகிறது. 6-ஐக் காலியாக விட்டு, இரண்டாம் பகுதியை 7-இல் தொடங்கியிருந்தேன். 7-இன் அடியில் ஆறு பார் ஓய்வு இருக்கிறது, அங்கே திருப்பினால் 8-ஐயும் 9-ஐயும் திருப்பாமலே வாசித்துவிடலாம். டிடிபி பார்க்கும் பெண் அந்த வெற்றுப் பக்கத்தைப் பிழை என்று எண்ணி எடுத்துவிட்டு, கணக்குச் சரியாக வர ஒரு வெற்றுப் பக்கத்தைக் கடைசியில் சேர்த்துவிட்டார். நாள் முழுவதும் ஆய்வேடுகளைப் பார்க்கிற கண். அங்கே நடுவில் வெற்றுப் பக்கம் வந்தால் பிழைதான். ஒத்திகையில் வெள்ளம் பெருகுகிற இடத்தில், பதினாறில் ஒரு பங்கு நீளமுள்ள சுரங்கள் வேகமாகப் பாய்ந்து வரும்போது, என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பக்கத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. வில் நின்றது, இசையும் நின்றது. எடுத்துப் பார்த்தால் நான்கு புத்தகத்திலும் அதே கதை. போதாக்குறைக்குத் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கும் அமைப்பில் அச்சாகியிருந்ததால் 7 மில்லிமீட்டர் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றிருந்தது.

எனக்கு வருத்தம் இருந்தது. செல்லோத் தம்பி சென்னையிலிருந்து அந்தப் பெரிய பெட்டியோடு காட்பாடியில் இறங்கி வந்திருந்தார், ஒரு மாலை முழுவதும் வீணானது. ப்ரூஃப் காட்டாமல் மொத்தத்தையும் அடித்திருக்கக் கூடாது என்று உரிமையாளரிடம் நேராகவே சொன்னேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எங்கள் நால்வரில் ஒருவர் வாசிப்பதைப் போல் இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி, "இப்போது திருப்பு" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, வெற்றுப் பக்கத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். நான்கு புத்தகங்களையும் காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். காகித விலையாவது தருகிறேன் என்றேன், ஏற்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்தின் நடுவில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "காலிப் பக்கம், எடுக்காதீர்கள்." அந்தப் பெண்ணே சேர்த்தது.

மூன்றாம் பகுதியில் செல்லோவுக்கு மூன்று பக்கம் ஓய்வே இல்லை. வெள்ளம் வடிந்தபின் மணலுக்கடியில் ஓடுகிற தண்ணீர் அது, நிற்கக் கூடாது. ஓய்வுக்காக இசையை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று பக்கமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்றேன். அவர் கணக்குப் பதிவேடுகளுக்கு முதுகில் ஒட்டுகிற காலிகோ துணியில் அரை அங்குலப் பட்டை வெட்டி, மூன்றாவது தாளை வலது ஓரத்தில் கதவுபோல் ஒட்டினார். ஒட்டியபின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருபது முறையாவது பார்த்திருப்பார். திறக்கும்போது சத்தம் வருகிறதா என்று காதருகே வைத்துக் கேட்டார். மெல்லிய பகுதியில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்லவில்லை, அவராக யோசித்தது. ஸ்பைரல் பைண்டிங் வேண்டாம் என்று முதலிலேயே மறுத்ததற்கும் அதுதான் காரணம். நடுவில் இரண்டு பின், அவ்வளவே.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக்கூடத்தில் வாசித்தோம். முப்பத்தெட்டுப் பேர், பக்கத்து வீட்டு நாற்காலிகள், விசிறி மூன்றில். வியோலா நான். கடைக்காரர் மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். 61-ஆவது பாரில் செல்லோத் தம்பி விரலை எடுத்தார். என் ஸ்டாண்டின் கம்பி வழியாக அந்தச் சுரம் முழங்காலுக்கு வந்தது. தாள் ஒன்றும் அசையவில்லை. முடிந்தபின் கடைக்காரர் இசையைப் பற்றி அதிகம் பேசவில்லை, "கதவு சத்தம் போடவில்லை, கவனித்தீர்களா டீச்சர்?" என்றார். கவனித்திருந்தேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். 12 பக்கப் பார்ட் நான்கு, 32 பக்க ஸ்கோர் இரண்டு, ஆறுக்கும் அட்டை, வெட்டுக்கூலி, பின் எல்லாம் சேர்த்து 1,260 ரூபாய். காலிகோ கதவுக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. வெறுந்தாள் ஆஃப்செட்டில் ஓடுவதால் குறைந்தது 250 தாள் எடுக்க வேண்டும். கூட எழுதுகிற நண்பர் ஒருவர் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

குறை என்று பார்த்தால் நேரம்தான். நாளைக்கு என்றால் நாளை மறுநாள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வராது, நேரில் போக வேண்டும். மார்ச், ஏப்ரலில் கல்லூரி ஆய்வேடுகள் குவியும். ஆடியில் கல்யாணம் இல்லையே என்று மாதக் கடைசியில் போனால் ஆவணிப் பத்திரிகைகள் ஆரம்பித்திருக்கும். ஆடி முதல் இரண்டு வாரம்தான் அவர் கை காலியாக இருக்கும் நேரம். சந்தில் வண்டி நிறுத்த இடமில்லை.

போகிறவர்கள் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். 9-க்கு 12 அளவிலேயே தயார் செய்து, சுருக்காமல் அசல் அளவில் அடிக்கச் சொல்லுங்கள். முதல் பிரதியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு ஸ்டாண்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள், விசிறி அங்கே இருக்கிறது. அடுத்ததாக ஐந்து பேருக்கு, இரண்டு செல்லோ வைத்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். வரிசை ஐந்து என்பதால் பழைய தாள் உதவாது. புதிய தாளுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இம்முறை இடது ஓரக் கோட்டை நானே போட்டுவிட்டேன்.